நான்கு இன்புட், ஒரு தகரக் கொட்டில்: மட்டக்களப்பில் கையில் இருந்த காசுக்கு ட்ரம்ஸ் பதிந்த விதம்

நாவற்குடாப் பக்கம் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் இசைக்குழு ஒன்று. கல்யாண வீடு, ஆலயத் திருவிழா, பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று கிடைக்கிற இடமெல்லாம் வாசிக்கிறவர்கள். சொந்தமாக நான்கு பாட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்று பைலா (இலங்கையின் துள்ளல் ஆட்டப் பாட்டு), ஒன்றில் கூத்து மத்தளம் வருகிறது, மற்ற இரண்டும் மெதுவான பாட்டுகள். கிட்டார், கீபோர்ட், குரல் எல்லாவற்றையும் வீட்டு அறையில் ஒவ்வொன்றாகப் பதிந்துகொள்ளலாம், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ட்ரம்ஸ் மட்டும் கணினியில் தட்டினதாக இருக்கக் கூடாது என்று எல்லோருக்கும் பிடிவாதம். கொழும்பு ஸ்டூடியோ என்றால் ஸ்டூடியோக் காசோடு வேன், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆகவே இங்கேயே பதிவது என்று முடிவாகி என்னிடம் வந்தார்கள். ட்ரம்மர் தம்பி கேட்ட முதல் கேள்வி, "அண்ணன், ஏழு மைக் ஒரே பெட்டியில வருது, அத வாங்கட்டா?"

வாங்க வேண்டாம் என்றேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியை என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்குள் கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) ஒன்று, ஸ்நேருக்கு (ட்ரம்மருக்கு முன்னால் இருக்கும், வெடிப்பாக ஒலிக்கும் ட்ரம்) ஒன்று, டொம்களில் (உருட்டல் வாசிக்கும் மற்ற ட்ரம்கள்) கொழுவுவதற்கு மூன்று, மேலே வைக்கக் கண்டென்சர் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் மைக்) இரண்டு இருக்கும். இவர்களுக்கு இரவலாகக் கிடைத்திருந்த இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி, பெரிங்கர் யுஎம்சி404எச்டி, அதில் மைக் இன்புட் நான்குதான். ஏழு மைக்கை நான்கு ஓட்டைக்குள் எப்படிச் செருகுவது? மிக்சர் ஒன்றை நடுவில் போடலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். யுஎஸ்பி உள்ள மலிவு மிக்சர்களில் பெரும்பாலானவை எத்தனை மைக் போட்டாலும் கணினிக்கு இரண்டே டிராக்தான் அனுப்பும். கிக் கூடிவிட்டது என்று மறுநாள் தெரிந்தால் அதைத் தனியாகக் குறைக்க வழி கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், பெட்டியின் விலை ஏழாகப் பிரிகிறது. ட்ரம்ஸ் பதிவில் சத்தத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது மேலே நிற்கும் ஓவர்ஹெட் சோடிதான், பெட்டியில் மிக மெலிந்து வருவதும் அந்தச் சோடிதான். டொம்மில் கொழுவும் மூன்று மைக்குக்குக் கொடுக்கிற காசு, நாலு பாட்டில் நாலைந்து இடத்தில் வரும் உருட்டலுக்காக.

விலையையும் பார்த்துவிடலாம். ஸ்நேருக்கு வழக்கமாக வைக்கும் ஷூர் எஸ்எம்57 ஒன்று ஏறத்தாழ 100 டொலர். பெரிங்கர் எக்ஸ்எம்8500 என்ற சாதாரண டைனமிக் மைக் (தனி மின்சாரம் தேவையில்லாத வகை) அதில் கால்வாசி அளவு. கிக்குக்கென்றே செய்த ஏகேஜி டி112 போன்றவை 57ஐப்போல இரண்டு மடங்கு. பெரிங்கர் சி-2 என்ற சின்னக் கண்டென்சர் சோடி, இரண்டும் சேர்த்தே ஒரு 57ஐவிடக் குறைவு. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் அந்த மே மாதத்தில் 360ஐத் தாண்டியது, பிறகு 300ஐச் சுற்றி இறங்கினாலும் பழைய விலைகள் திரும்பி வரவில்லை. அதனால் ஒரு மைக் தவறாக வாங்கினால் அது இவர்களுக்கு இரண்டு மூன்று கல்யாண வீட்டு வருமானம்.

நான் சொன்ன யோசனை இதுதான்: ஓவர்ஹெட் சோடி ஒன்றை மட்டும் புதிதாக வாங்குங்கள், ட்ரம்முக்குப் புதுத் தோல் போடுங்கள், மிச்ச மைக்கெல்லாம் இரவலோ வாடகையோ. குழுவில் பாதிப் பேருக்கு இது பிடிக்கவில்லை. மைக்குக்கு வைத்த காசில் தோல் வாங்குவதா என்று கீபோர்ட்காரத் தம்பி நேராகவே கேட்டார்.

அவருக்குப் பதில் சொல்ல ஸ்நேரை ஒருதரம் தட்டிக் காட்டினால் போதுமாக இருந்தது. இரண்டாம் கையாக வாங்கிய ஐந்து துண்டு செட், மேல்தோல் நடுவில் குழி விழுந்து வெளிறிக் கிடந்தது. அப்படிப்பட்ட தோலை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு சுருதியில் நிற்காது, நல்ல மைக் வைத்தால் அந்தக் கோளாறு இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். ஸ்நேருக்கும் இரண்டு டொம்முக்கும் மேல்தோல் மாற்றினோம். தரையில் நிற்கும் பெரிய டொம்மான புளோர் டொம்மின் தோல் அளவு கடையில் இல்லை, பழையதையே வைத்துக்கொண்டோம். கிக் பெடல் கீச்சிட்டது, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டதும் நின்றது. மேலே பூட்டியிருக்கும் ரேக் டொம் ஒன்றில் திருகாணிக் கூடு ஆடிக் கிர்ர் என்றது, அதற்குள் பஞ்சு வைத்தோம். கிக்குக்குள் ஒரு பழைய தலையணை, அது பின்தோலைத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டும், முழு வயிற்றையும் அடைக்கக் கூடாது. இந்த வேலையில் ஒரு முழு மாலை போனது, அன்றைக்கு மைக் ஒன்றையும் வெளியில் எடுக்கவே இல்லை.

அப்புறம் இடம்.

முதலில் பார்த்தது குழுவில் ஒருவரின் வீட்டு ஹோல். டைல் தரை, பூசின சுவர், கொங்கிரீட் தட்டு. நடுவில் நின்று கை தட்டினால் சுவருக்கும் சுவருக்கும் நடுவே சத்தம் ஓடி டொய்ங் என்று ஒரு வால் வருகிறது. அந்த வால் ஸ்நேரின் ஒவ்வொரு அடியிலும் ஒட்டும், பதிந்த பிறகு கழற்ற முடியாது. இரண்டாவது, பக்கத்து ஒழுங்கையில் ஒரு ரியூஷன் கொட்டில். அரைச்சுவர், அதற்கு மேல் கம்பிவலை, தகரக் கூரை, சீமெந்துத் தரை, நிறைய வாங்கு மேசை. எல்லோரும் ஹோல்தான் நல்லது என்று நினைத்தார்கள், ஸ்டூடியோ என்றால் மூடின அறை என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. நான் கொட்டிலைச் சொன்னேன். பக்கவாட்டில் போகிற சத்தம் அரைச்சுவரைத் தாண்டி வெளியே போய்விடும், திரும்பி வராது. சின்ன மூடின அறையில் மூலைக்கு மூலை தேங்கும் கிக்கின் அடிச்சத்தமும் இங்கே தேங்காது. ஒரே எதிரி கூரைத் தகரம். ஒரு எதிரியைச் சமாளிக்கலாம்.

வெளிச்சத்தம் உள்ளே வராதா? வரும், காகம், ஓட்டோ, கோயில் ஒலிபெருக்கி எல்லாம் வரும். ஆனால் ட்ரம்ஸ் அடிக்கும்போது மைக்குக்கு அது எதுவும் கேட்பதில்லை, ட்ரம்ஸ் அவ்வளவு சத்தம். பாட்டின் தொடக்கமும் முடிவும், நடுவில் ட்ரம்ஸ் நிற்கிற இடங்களும்தான் கவனிக்க வேண்டியவை. மெதுவான பாட்டு ஒன்றின் கடைசிச் சிம்பல் அடங்கிக்கொண்டிருக்கும்போது பாண் விற்கும் ஓட்டோ பீத்தோவனின் ஃபூர் எலீஸை வாசித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. சுருதியும் சேரவில்லை. அந்தச் சிம்பலை மட்டும் தனியாகத் திரும்ப அடித்து ஒட்டினோம்.

நேரத்தையும் பார்த்துத்தான் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. மத்தியானத்தில் வெயில் ஏற ஏறத் தகரம் விரிந்து டிக் டிக் என்று வெடிக்கும், கச்சான் காற்று எழும்பினால் கண்டென்சர் மைக்கில் புஸ் என்று காற்றடிக்கும், போதாததற்கு வெப்பத்தில் தோல் தளர்ந்து ட்ரம்மின் சுருதி இறங்கும். அதனால் காலையிலேயே தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

மைக்குகள்

ஓவர்ஹெட்டுக்குச் சி-2 சோடி வாங்கினார்கள். இது உயர்ந்த மைக் என்று நான் சொல்லமாட்டேன். மேல் அலைவரிசையில் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும், மலிவுச் சிம்பலோடு சேர்ந்தால் காதைக் கீறும். ஆனாலும் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன, ஓவர்ஹெட்டில் அதுதான் எனக்கு முக்கியம். வெவ்வேறு இரண்டு மைக்கை இடமும் வலமும் வைத்தால் சிம்பல் ஒரு பக்கம் வெள்ளித்தட்டு, மறுபக்கம் தகரத்தட்டு என்று கேட்கும். இணையத்தில் மலிவாக விற்கும் பிஎம்-800ஐயும் ஒருவர் காட்டினார். பெரிய வலைக்கூட்டைப் பார்த்தால் ஸ்டூடியோ மைக் போலத்தான் இருக்கும். திறந்து பார்த்தால் பல பிரதிகளில் உள்ளே இருப்பது ஒரு சின்ன எலக்ட்ரெட் கப்சூல் (சத்தத்தை வாங்கும் பகுதி). குரலுக்கு வேண்டுமானால் சமாளிக்கலாம், ஸ்நேருக்குப் பக்கத்தில் அது உடைந்து ஒலிக்கும்.

டைனமிக் மைக் வாடகைக்குக் கிடைத்தது. நிகழ்ச்சிகளுக்குச் சவுண்ட் போடுகிற ஒருவர் ஷூர் எஸ்எம்58 என்று எழுதின மூன்று மைக் தந்தார். ஷூர் 57, 58 இரண்டுக்கும் உலகம் முழுக்கப் போலி உண்டு, அவ்வளவு ஓடுகிற சரக்கு. உண்மையான 58இன் நிறை 298 கிராம், 57 என்றால் 284. கைப்பிடிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபோர்மரும் அந்த நிறையில் ஒரு பங்கு. தெரிந்த நகைக்கடைத் தராசில் மூன்றையும் வைத்தோம், ஒன்று சரியாக நின்றது, மற்ற இரண்டும் நன்றாகவே குறைந்தன. நிறை சரியாக இருந்தால் மட்டும் அசல் என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் இவ்வளவு குறைந்தால் போலிதான். தந்தவருக்கே அது தெரியாது, பாவம், அவரும் காசு கொடுத்து வாங்கினவர். நிறை நின்ற ஒன்றை எடுத்துக்கொண்டோம்.

57 கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். 57உம் 58உம் ஒரே அடிப்படையில் செய்த கப்சூல் கொண்டவை, 1965லும் 1966லும் அடுத்தடுத்து வந்தவை. பெரிய வித்தியாசம் தலையில் உள்ள உருண்டை வலை. அதைக் கழற்றினால் 58 ஏறக்குறைய 57 போல ஒலிக்கும், ட்ரம்முக்கு இன்னும் கிட்டப் போகவும் முடியும். கப்சூல் வெறுமையாக நிற்கும் என்பதால் குச்சி பட்டால் முடிந்தது கதை. கிக்கின் ஓட்டைக்குள் வைக்கும்போது கழற்றினோம், ஸ்நேருக்கு வைக்கும்போது போட்டோம்.

கூரையும் ஓவர்ஹெட்டும்

இந்தப் பதிவில் அதிக நேரம் போனது இதற்குத்தான், அதனால் இதைக் கொஞ்சம் கணக்கோடு எழுதுகிறேன்.

ஓவர்ஹெட் என்றதும் மேடையில் பார்த்த பழக்கத்தில் இரண்டு ஸ்டேண்டையும் உயரத் தூக்கி இடம் ஒன்று வலம் ஒன்று என்று தம்பிமார் வைத்துவிட்டார்கள். கொட்டிலின் தகரம் அந்த இடத்தில் தரையிலிருந்து 2.4 மீட்டர். ஸ்நேரின் தோல் 70 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வையுங்கள். மைக்கை 2 மீட்டரில் வைத்தால் ஸ்நேரின் சத்தம் நேராக 1.3 மீட்டர் பயணித்து மைக்குக்கு வரும். அதே சத்தம் தகரத்தில் பட்டுத் திரும்பி 2.1 மீட்டர் பயணித்து இன்னொருமுறை வரும். இந்த இரண்டாவது சத்தம் முதலாவதைவிடக் கிட்டத்தட்ட 4 டெசிபல்தான் குறைவு, அதாவது ஏறக்குறைய அதே பலம், 2 மில்லிசெக்கனுக்குக் கொஞ்சம் அதிகமான தாமதம். இரண்டும் கலக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்நேர் ஏதோ குழாய்க்குள் இருந்து வருகிறது போல ஒலித்தது அதனால்தான்.

மைக்கை இறக்கினால்? ஸ்நேரிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்தால் நேர்ச்சத்தத்தின் பாதை 0.8 மீட்டர், தகரம் வழிச் சத்தத்துக்கு 2.6 மீட்டர். வித்தியாசம் 10 டெசிபல் ஆகிவிடுகிறது. அதோடு சி-2 ஒரு கார்டியொயிட் மைக், முதுகுப் பக்கச் சத்தத்தைக் குறைத்தே வாங்கும், தகரம் அதன் முதுகுப் பக்கம். செட்டுக்கு நேர் மேலே கைமரத்தில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றையும் கட்டித் தொங்கவிட்டோம். கொட்டில்காரர் முதலில் பன்பாய் நாலைந்து தந்தார், பாய் மெல்லிசு, அதனால் பெரிய பயன் இல்லை. மெத்தை கட்டினதும் கை தட்டிப் பார்த்தால் வித்தியாசம் யாருக்கும் கேட்கும்.

மைக்கை இவ்வளவு தாழ்வாக வைத்து முழுச் செட்டையும் பிடிக்க ரெக்கார்டர்மேன் என்ற பெயரில் ஒரு முறை இருக்கிறது. குச்சி இரண்டை நுனியோடு நுனி வைத்து ஸ்நேரின் நடுவிலிருந்து நிமிர்த்தினால் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர், அங்கே முதல் மைக், கீழே ஸ்நேரைப் பார்த்து. இரண்டாவது மைக் ட்ரம்மரின் வலத் தோளுக்கு மேலே, அதுவும் ஸ்நேரிலிருந்து அதே இரண்டு குச்சித் தூரம், அதுவும் ஸ்நேரைப் பார்த்து. இனி கிக்கிலிருந்தும் இரண்டு மைக்குக்கும் ஒரே தூரம் வரவேண்டும். இதற்குத் தங்கூசி நூல் எடுத்தோம். ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் ஒருவர் பிடிக்க, மறுமுனையைக் கிக்கில் பெடல் அடிக்கும் இடத்துக்கு நேரே இன்னொருவர் பிடிக்க, நடு நூலை இழுத்து முதல் மைக்கின் முகத்தில் தொட்டு அந்த இடத்தில் ஒரு முடிச்சு. பிறகு முனைகளை அசைக்காமல் அதே முடிச்சை இரண்டாவது மைக்குக்குக் கொண்டுபோய், முடிச்சு முகத்தில் வந்து நிற்கிற இடத்துக்கு மைக்கை நகர்த்துவது. நான்கு கை வேண்டும், பொறுமையும் வேண்டும்.

ஏன் இவ்வளவு பாடு? 30 பாகை வெப்பத்தில் சத்தம் ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் போகும். இரண்டு மைக்குக்கும் ஸ்நேரிலிருந்து 10 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரில் கேட்கும்போது 1.7 கிலோஹேர்ட்ஸ் சுற்றில் ஒரு பள்ளம் விழும். ஸ்நேரின் அடி முகத்தில் அறைவது போலக் கேட்கவேண்டிய இடம் அது. இங்கே பாட்டுக் கேட்கிறவர்களில் பெரும்பகுதி போனில் கேட்கிறார்கள், பல போனில் ஸ்பீக்கர் ஒன்றுதான். அந்தப் பள்ளம் அவர்களுக்குத்தான் முதலில் கேட்கும். பிரித்தானிய ஒலிப்பதிவாளர் கிளின் ஜோன்ஸின் பெயரால் வழங்கும் முறையிலும் இதே விதிதான், இரண்டாவது மைக் புளோர் டொம் பக்கம் இறங்கி நிற்கும், ஸ்நேரிலிருந்து தூரம் மட்டும் மாறாது. லெட் செப்பெலினின் 1969 முதல் ஆல்பத்தைப் பதிந்தவர் அவர். அதையும் வைத்துப் பார்த்தோம். அகலம் நன்றாக வந்தது, ஆனால் புளோர் டொம்மின் பழைய தோலும் நன்றாகவே கேட்டது, விட்டுவிட்டோம்.

கிக்குக்கு ஒரு கார் ஸ்பீக்கர்

டி112க்குக் காசு இல்லை. 58ஐக் கிக்கின் பின்தோல் ஓட்டையில் வைத்தால் பெடல் அடிக்கிற டக் நன்றாக வருகிறது, வயிற்றில் இடிக்கிற தும் வருவதில்லை. 58இன் கீழெல்லை 50 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும் அந்தப் பக்கம் போகப் போகச் சரிந்துகொண்டே போகும் மைக் அது, குரலுக்காகச் செய்தது.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஸ்பீக்கரும் டைனமிக் மைக்கும் ஒரே தத்துவம், காந்தத்துக்குள் ஒரு சுருள். மின்சாரம் கொடுத்தால் சத்தம் வரும், சத்தம் கொடுத்தால் மின்சாரம் வரும். யமஹா இதையே சப்கிக் என்று ட்ரம் போன்ற கூட்டுக்குள் வைத்து விற்றது. நாங்கள் ரேடியோ திருத்தும் கடையில் கிடந்த ஆறரை அங்குலக் கார் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்தோம், விலை ஒரு சோற்றுப் பார்சல் அளவு. சுருளின் இரண்டு முனையையும் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் மைக் பிளக்கின் 2ஆம், 3ஆம் பின்களில் ஈயம் வைத்தோம், 1ஆம் பின் வயரின் வெளிக்கவசத்துக்கும் ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்துக்கும் மட்டும். இதில் விளையாடக் கூடாது. ஓவர்ஹெட் கண்டென்சர்களுக்காக 48 வோல்ட் ஃபான்டம் (மைக் வயர் வழியாகவே இன்டர்ஃபேஸ் கொடுக்கும் மின்சாரம்) போடவேண்டியிருந்தது. 2, 3 இரண்டு பின்னிலும் சமமான வோல்ட் இருக்கும்வரை சுருள் வழியே மின்சாரம் ஓடாது. அவசரத்தில் 3ஐயும் 1ஐயும் சேர்த்து ஈயம் வைத்துவிட்டால் ஓடும்.

ஸ்பீக்கரைப் பின்தோலுக்கு எதிரே நாலு விரல் தள்ளி, ஒரு வாங்கின் காலில் ரப்பர் வளையத்தால் கட்டினோம். வாங்கின் அதிர்ச்சி ஏறாமல் இருக்கத்தான் ரப்பர். சிக்னல் எதிர்பார்த்ததைவிட மிகப் பலமாக வந்தது, கெயினை (சிக்னலைக் கூட்டும் திருகை) அடிமட்டத்தில் வைத்தாலே போதும் என்ற நிலை. தனியாகக் கேட்டால் சகிக்காது, யாரோ பக்கத்து வீட்டில் மெத்தையை அடிக்கிற மாதிரி. 58ஓடு சேர்த்ததும் கிக் முழுமையாகிவிட்டது. சேர்க்கும்போது போலாரிட்டியை (சிக்னலின் மேல்கீழ்த் திசையை) ஒருமுறை திருப்பிக் கேட்கவேண்டும், எந்தப் பக்கம் அடிச்சத்தம் கொழுக்கிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஸ்பீக்கர் தலைகீழாகத்தான் இருந்தது.

இப்போது கணக்குப் பாருங்கள். ஓவர்ஹெட் இரண்டு, கிக்குக்குள் 58, ஸ்பீக்கர். நான்கு இன்புட்டும் முடிந்தது. ஸ்நேருக்கு?

ட்ரம்மர் தம்பிக்கு முகம் மாறிவிட்டது. ஸ்நேருக்கு மைக் வைக்காமல் பதிகிறதா, யாராவது கேட்டால் சிரிக்கமாட்டார்களா என்றார். நான் வாதாடவில்லை, இரண்டு விதமாகவும் பதிந்து ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். முதல் விதம், ஓவர்ஹெட் இரண்டும் ஸ்நேரில் 58உம் கிக்கில் ஸ்பீக்கரும். இரண்டாவது, ஸ்நேர் வெறுமை, கிக்கில் இரண்டும். ஓவர்ஹெட் ஸ்நேருக்கு இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது ஸ்நேர் ஏற்கனவே இடம் வலமாக விரியும் ஒலிப்படத்தின் நடுவில் நிற்கிறது, தனி மைக் அதற்குக் கொஞ்சம் சதை மட்டும் போடுகிறது. பைலாவுக்கு எல்லோரும் இரண்டாவதையே எடுத்தார்கள். மட்டக்களப்புப் பறங்கியரின் கப்ரிஞ்ஞா ஆட்டத்தில் கேட்கிற அந்த 6/8 ஓட்டத்தில் கிக் எங்கே விழுகிறது என்பது துல்லியமாகத் தெரியாவிட்டால் கால் எழும்பாது, டக்கும் தும்மும் இரண்டும் வேண்டும். மெதுவான பாட்டுகளுக்கு முதல் விதம். அங்கே விளிம்பில் குச்சியைப் படுக்க வைத்துத் தட்டுகிற சின்னச் சத்தங்கள் ஓவர்ஹெட்டில் சிம்பலுக்குள் தொலைந்துபோயின, 58 அவற்றைக் காப்பாற்றியது. ஆக ட்ரம்மருக்கும் பாதி வெற்றி.

லெவல் விஷயத்தில் ஒன்றுதான். பரீட்சித்துப் பார்க்கும்போது எந்த ட்ரம்மரும் மெதுவாகத்தான் அடிப்பார், பாட்டு தொடங்கிக் கோரஸ் வந்ததும் கை தானாக ஏறும். 24 பிட்டில் பதிகிறோம், இரைச்சலைப் பற்றிக் கவலை இல்லை, உச்ச அடி மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படியும் கடைசிக் கோரஸில் மைனஸ் 4 வரை போனார்.

சிம்பல்தான் கடைசிவரை தொல்லை. மலிவுப் பித்தளை, பளிச்சென்ற மைக், தகரக் கூரை, மூன்றும் ஒரே கட்சி. மைக்கை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. கிராஷ் சிம்பலை ஒரு சாண் உயர்த்தினோம், காலால் மூடித் திறக்கும் சிம்பல் சோடியான ஹை-ஹட்டைக் குச்சியின் தோளால் வெட்டாமல் நுனியால் தட்டச் சொன்னோம். தம்பி முதலில் சலித்துக்கொண்டார், இரண்டாவது பாட்டில் பழகிவிட்டது. மேடையில் சத்தமாக அடித்துப் பழகிய கைக்கு இது ஒரு புது வேலை, அதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது.

மத்தளம்

மத்தளப் பாட்டுக்கு ஆரையம்பதிப் பக்கத்து அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசான்) ஒருவர் வந்தார். மத்தளத்துக்கு இரண்டு முகம், ஆகவே இரண்டு பக்கமும் இரண்டு மைக் என்று தம்பிமார் ஏற்கனவே வைத்திருந்தார்கள். அவர் பார்த்துவிட்டு, "மனே, நான் நிண்டு கொண்டுதான் அடிப்பன், ஆட்டக்காரனப் பாத்துக் கிறுகுவன், மறுகா உங்கட மைக் என்னோட வருமா?" என்று கேட்டார். கூத்து ஆடும் களரியில் நடுவில் நின்று அடிக்கிறவர், இடுப்பில் கட்டின மத்தளத்தோடு பாதி வட்டம் திரும்புவது அவருக்கு இயல்பு. கிட்ட வைத்த மைக் என்றால் அவர் திரும்பும்போதெல்லாம் ஒரு முகம் பெருத்து மறுமுகம் சிறுக்கும். சி-2 ஒன்றை மட்டும் எடுத்து அவருக்கு முன்னே ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி, மத்தளத்தின் உயரத்தில், நடுவைப் பார்த்து வைத்தோம். அரைச்சுவர்க் கொட்டில் என்பதால் அந்தத் தூரத்திலும் அறையின் சத்தம் கூடவில்லை. வீட்டு ஹோலில் இதைச் செய்திருக்க முடியாது. ஒரே மைக், ஒரே தரம் அடித்தார், முடிந்தது. சல்லாரியை (கைத்தாளம்) பிறகு தனியாகப் பதிந்தோம், மத்தளத்தோடு சேர்ந்தால் கண்டென்சரில் அது மட்டும்தான் கேட்கும்.

மிக்சிங்கில் செய்தது அதிகம் இல்லை. ஓவர்ஹெட் சோடியே ஒலிப்படம், மற்றவை அதற்குக் கீழே. ஸ்பீக்கர் டிராக்கில் 120 ஹேர்ட்ஸுக்கு மேலே எல்லாவற்றையும் வெட்டினேன். ஓவர்ஹெட்டில் அடிச்சத்தத்தை வெட்டவில்லை, டொம் இரண்டும் புளோர் டொம்மும் அதிலிருந்துதான் வரவேண்டும். 8 கிலோஹேர்ட்ஸ் சுற்றில் கொஞ்சம் இறக்கினேன், சிம்பலுக்காக. கிக் டிராக்குகளை நகர்த்தி ஓவர்ஹெட்டோடு பொருத்துவதா என்று யோசித்து, செய்து கேட்டு, அடி கூர்மையானாலும் கொட்டிலின் காற்று போய்விடுவதால் பழையபடியே விட்டேன். போனிலும் ஒருவரின் ஓட்டோவில் பூட்டியிருக்கும் பெரிய வூஃபரிலும் போட்டுப் பார்த்தோம். பைலா ஓட்டோவில் நன்றாக இருந்தது, கிக் கொஞ்சம் அதிகம் என்றார் ஓட்டோக்காரர், அவருடைய வூஃபரைப் பார்த்தால் எதுவும் அதிகம்தான்.

குறை என்று சொன்னால் டொம் உருட்டல்களில் புளோர் டொம் பின்வாங்குகிறது. தனி மைக் இருந்தால் அதை முன்னே இழுத்திருக்கலாம், தோல் மாற்றியிருந்தால் இழுக்கவே தேவைப்படாமலும் போயிருக்கலாம். ஹை-ஹட் இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் உரத்துத்தான் இருக்கிறது. முதல் மைக் அதற்கு மிகக் கிட்ட நிற்பதால் ரெக்கார்டர்மேன் முறையில் இது எப்போதும் வரும்.

செலவில் பாதி சி-2 சோடிக்கும் ஸ்டேண்டுக்கும் போனது, மூன்றில் ஒரு பங்கு தோலுக்கு, மிச்சம் வாடகையும் தேநீரும். சி-2 இரண்டும் இப்போது சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி இறுகின சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கின்றன. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நமக்கு இது கட்டாயம். ஈரம் ஏறினால் கண்டென்சர் பொரியத் தொடங்கும், இரவில் ஸ்டேண்டிலேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டார்கள். முதலில் புளோர் டொம் தோல். பிறகு அசல் 57 ஒன்று, தராசில் வைத்துப் பார்த்து. கிக் மைக் அதற்கும் பிறகு, அந்தக் கார் ஸ்பீக்கர் உழைக்கும்வரை அவசரமில்லை. எட்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் வாங்கும் எண்ணம் கிட்டார்காரத் தம்பிக்கு இருக்கிறது. இரவல் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்பதால் ஏதோ ஒன்று வாங்கத்தான் வேண்டும், ஆனால் நாலு இன்புட் உள்ளதையே வாங்கி மிச்சக் காசில் நல்ல ஹை-ஹட் சோடி ஒன்று எடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் முடிவெடுக்கவில்லை.